ஃபிஷ்மங்கர் என்றால் திட்டா?

தம்பி, நேற்று மாடிப்படியில் நின்று நீ கேட்டபோது "நாளைக்குச் சொல்றேன்" என்று நழுவியது பதில் தெரியாமல் இல்லை. இரண்டு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை அது. கையில் காசிமேட்டு வஞ்சிரம் வேறு; பேசிக்கொண்டே நின்றிருந்தால் மீன் போயிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதியே தருகிறேன்.

நீ கேட்டது இதுதான். கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில், ஆங்கில அகராதியைப் புரட்டி 'ஃபிஷ்மங்கர்' என்று எழுதியிருக்கிறாய். கூடப் படிக்கிறவன் அதைப் பார்த்துச் சிரித்தானாம். வார்மங்கர்னா சண்டை மூட்டுறவன், ரூமர்மங்கர்னா புரளி கிளப்புறவன், அப்போ ஃபிஷ்மங்கர்னா மீனை வெச்சுக் கலகம் பண்றவங்களா என்று கேட்டானாம். "சார், நிஜமாவே அது திட்டா? அடிச்சிட்டு வேற எழுதணுமா? மங்கர்னு முடியற வார்த்தை இன்னும் இருக்கா?" என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி.

திட்டு இல்லை. அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுகிறேன். உன் நண்பன் சிரித்ததிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

எம், ஓ, என், ஜி, இ, ஆர். இந்த ஆறு எழுத்தும் எனக்குப் பழைய சிநேகிதம். ஆண்டர்சன் தெருவை ஒட்டிய ஒரு சின்ன அச்சகத்தில் பத்தொன்பது வருஷம் எழுத்துக் கோர்த்தவன் நான். மண்ணடி, செம்புதாஸ் தெருப் பக்கத்து இரும்புக் கடைக்காரர்கள் லெட்டர்ஹெட் அடிக்க வருவார்கள். பெயருக்குக் கீழே 'அயன்மங்கர்ஸ் அண்ட் ஜெனரல் மெர்ச்சண்ட்ஸ்' என்று போடச் சொல்வார்கள். ஆணி, தாழ்ப்பாள், கீல், சங்கிலி விற்கிறவருக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பலகையிலிருந்து அப்படியே வந்தது. அமெரிக்கக்காரன் ஹார்டுவேர் என்பான். இங்கிலாந்தில் இன்றும் அயன்மங்கர் கடை உண்டு.

அந்த வார்த்தையில்தான் ஒருமுறை எனக்கு அடி விழுந்தது. ஈய எழுத்துக் காலம் உனக்குத் தெரியாது. ஒரு வேலை அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். அடுத்த வேலைக்கு விரல் பழக்கத்திலேயே அறையைத் தொட்டு எடுப்போம், எழுத்தின் முகத்தைப் பார்க்க மாட்டோம். பிரித்துப்போட்ட பையன் சின்ன 'ஏ' நாலைந்தை 'ஓ' அறையில் தள்ளியிருக்கிறான். நான் கோர்த்தேன், நானே புரூஃபும் பார்த்தேன், டிரெடில் மிஷின் ஓடி ஐந்நூறு தாள் இறங்கிவிட்டது. கட்டு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது: அயன்மங்கர் 'அயன்மேஞ்சர்' ஆகியிருந்தது. மேஞ்சர் என்றால் மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி. இயேசு பிறந்ததும் கிடத்தினார்களே, பைபிளில் 'முன்னணை' என்று வருமே, அது. இரும்பு வியாபாரி இரும்புத் தொட்டியாகிவிட்டார். தாள் காசு என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று ராத்திரி அகராதியை எடுத்து இந்த மங்கர் யார் என்று பார்க்க உட்கார்ந்தவன்தான்.

லத்தீனில் 'மாங்கோ' என்று ஒரு சொல். வியாபாரி, குறிப்பாக அடிமைகளை விற்கிறவன் என்று பொருள். சரக்குக்குப் பூச்சு வேலை செய்து ஏமாற்றி விற்கிறவன் என்கிற வாடை அங்கேயே உண்டு. குவிண்டிலியன் என்ற ரோமானிய ஆசிரியர், பேச்சுக்கலையைப் பற்றி எழுதும்போது இவர்களை இழுத்துவந்து ஒரு குத்து குத்துகிறார்: சாயம் பூசி நிறத்தைப் பொய்யாகக் காட்டுவார்கள், வெறும் கொழுப்பேற்றிப் பலத்தைப் பொய்யாகக் காட்டுவார்கள் என்று. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரிடமும் மீன் வாங்காதீர்கள், சாயம் தடவி வைத்திருப்பார்கள் என்று உன் அம்மா எனக்குச் சொன்னதைத்தான் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமில் ஆளை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

ரோமானியர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வடக்கத்தி ஜெர்மானியக் கூட்டங்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கின. அப்படியே அது இங்கிலாந்துக்கும் போய்ப் பழைய ஆங்கிலத்தில் 'மாங்கெரே' ஆயிற்று. அங்கே கெட்ட வாடை எல்லாம் கழுவிப் போய் வெறும் 'வணிகர்' என்று நின்றது. கறி விற்றவர் ஃபிளெஷ்மங்கர். தானியம் விற்றவர் கார்ன்மங்கர். வைக்கோல் விற்றவர் ஹேமங்கர், கம்பளி ரோமம் விற்றவர் உல்மங்கர், பாலாடைக்கட்டி விற்றவர் சீஸ்மங்கர். இதில் சீஸ்மங்கர் மட்டும் இன்றும் லண்டனில் பகட்டாகக் கடை வைத்திருக்கிறார். வைக்கோல்காரரும் தானியக்காரரும் அகராதியோடு சரி.

உன் ஃபிஷ்மங்கருக்கு வருவோம். லண்டனில் ஒவ்வொரு தொழிலுக்கும் பழைய சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் முதல் வரிசைச் சங்கங்கள் பன்னிரண்டு. ஃபிஷ்மங்கர்கள் அதில் நாலாவது, அயன்மங்கர்கள் பத்தாவது. மீன் வணிகர் சங்கத்துக்கு 1272இல் முதலாம் எட்வர்ட் அரசர் பட்டயம் கொடுத்தார். இரும்புக்காரர்களுக்கு 1463இல்தான் கிடைத்தது. லண்டன் பாலத்தின் ஓரத்தில் மீன்காரர் சங்கத்துக்கு மாளிகை மாதிரி ஒரு மண்டபம் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து யாராவது போய்ப் பார்த்தால் ஏதோ கவர்னர் பங்களா என்றுதான் நினைப்பார்கள்.

அந்தச் சங்கத்து ஆள் ஒருவர் சரித்திரத்தையே திருப்பியிருக்கிறார். வில்லியம் வால்வொர்த் என்று பெயர். மீன் வணிகர், லண்டன் மேயர். 1381இல் தலைவரி தாங்காமல் குடியானவர்கள் கிளர்ச்சி செய்து லண்டனுக்குள் புகுந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் வாட் டைலர். அரசருக்கோ வயது பதினாலு. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த இடத்தில் வால்வொர்த் கத்தியை உருவி வாட் டைலரை வெட்டிச் சாய்த்தார். கிளர்ச்சி அதோடு படுத்தது. நான் வாட் டைலர் கட்சிதான், அது வேறு விஷயம். ஆனால் அந்தக் குத்துவாள் என்று ஒன்றை மீன் வணிகர் மண்டபத்தில் இன்னமும் வைத்திருக்கிறார்கள். மீன்காரர் கையில் கத்தி இருந்தால் வம்பு வைத்துக்கொள்ளக்கூடாது என்பது லண்டனுக்கும் பொது போலிருக்கிறது.

சரி, இவ்வளவு மரியாதையாக இருந்த சொல் எப்படித் தெருவுக்கு வந்தது? 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சு பெரிய வீட்டு மொழியாயிற்று. மெர்ச்சண்ட், கிரோசர், டிரேப்பர், புட்சர் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. நம் கறிக்கடை எப்படி 'மட்டன் ஸ்டால்' ஆயிற்றோ அப்படி ஃபிளெஷ்மங்கர் போய் புட்சர் வந்தார். உள்ளூர்ச் சொல்லுக்கு மிச்சம் கிடைத்தது சில்லறை வியாபாரம், கூவி விற்பது, கூடை. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் மங்கர் என்று ஒட்டினாலே ஓர் இளக்காரம் வந்துவிட்டது. அப்போதுதான் எடைபோட முடியாத சரக்கையெல்லாம் இதோடு ஒட்ட ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்தில் இது ஒரு விளையாட்டாகவே நடந்திருக்கிறது. பாவமன்னிப்புச் சீட்டு விற்றவர் பார்டன்மங்கர். கத்தோலிக்கப் பூசை வைத்தவர்களைச் சீர்திருத்தக் கட்சிக்காரர்கள் மாஸ்மங்கர் என்று திட்டினார்கள். ஷேக்ஸ்பியர் கையில் கிடைத்ததும் கேட்கவா வேண்டும்? மட்டமான பாட்டுக் கட்டுகிறவன் பாலட்மங்கர், செய்தி பரப்புகிறவன் நியூஸ்மங்கர், காதல் பேச்சுக்காரன் லவ்மங்கர். கிங் லியர் நாடகத்தில் ஒருவன் இன்னொருவனை 'பார்பர்மங்கர்' என்று ஏசுகிறான். முடி திருத்தும் கடையே கதி என்று கிடக்கும் மினுக்குப் பேர்வழி என்று அர்த்தம். எங்கள் காலத்திலும் ஒவ்வொரு தெருவிலும் சலூனில் பேப்பர் படிப்பதையே வேலையாக வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழில் இப்படி ஒற்றைச் சொல் இல்லாதது எனக்கு ஒரு குறைதான்.

ஹாம்லெட் நாடகத்தில் உன் வார்த்தையே வருகிறது. மந்திரி பொலோனியஸ் வந்து, என்னைத் தெரிகிறதா பிரபு என்று கேட்கிறார். நன்றாகத் தெரியும், நீ ஒரு ஃபிஷ்மங்கர் என்கிறான் ஹாம்லெட். ஐயோ, நான் இல்லை என்கிறார் மந்திரி. அப்படியானால் நீ அவ்வளவு நேர்மையான ஆளாக இருக்கக்கூடாதா என்று திருப்பிக் கொடுக்கிறான். அங்கே அந்தச் சொல்லுக்குக் கொச்சையாக இன்னோர் அர்த்தமும் இருக்கிறது என்று உரைகாரர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்குப் போதுமானது ஹாம்லெட் சொல்லும் அந்த நேர்மை வரிதான். உன் நண்பன் சிரித்தால் அதை எடுத்துவிடு.

பைபிளில் ஒன்று உண்டு. 1611இல் ஜேம்ஸ் அரசர் பெயரில் வந்த ஆங்கில பைபிளில் ஹோர்மங்கர் என்ற சொல் பல இடத்தில் வருகிறது. எபிரெயர் 13ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை நம் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பார்: 'வேசிக்கள்ளர்' என்று இருக்கும். கவனித்தாயா? ஆங்கிலத்தில் மங்கர் விற்கிறவன் என்றால், இந்த ஆள் விற்கிறவன் இல்லை, போகிறவன். சீஸ்மங்கர் சீஸ் விற்பார், பார்பர்மங்கர் பார்பரை விற்பதில்லை. ஆக, 'அதே சகவாசமாக இருப்பவன்' என்று பொருள் அகன்றுவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வியாபாரி என்று போடாமல் கள்ளர் என்று போட்டது சரியான காது.

வார்மங்கருக்கும் இந்தப் பதினாறாம் நூற்றாண்டுதான். முதலில் கூலிக்குச் சண்டை போடும் படைவீரன் என்ற பொருளில் வந்தது, யுத்தம் மூட்டுகிறவன் என்பது பிறகு. ஸ்கேர்மங்கர், டூம்மங்கர் எல்லாம் பத்திரிகை பெருகிய பிற்காலச் சரக்கு. அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்த பழைய சொல் பரோமங்கர். அது நம் பேட்டைக்குச் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பரோ என்றால் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை உள்ள ஊர். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஊர்கள் சில காலப்போக்கில் ஆளில்லாமல் போய்விட்டன. ஆனாலும் உறுப்பினர் அனுப்பும் உரிமை மட்டும் அப்படியே இருந்தது. நிலத்தை வாங்கினால் ஓட்டும் கைக்கு வரும், ஓட்டு வந்தால் இடமும் வரும். இந்த இடங்களை வாங்கி விற்றவர்தான் பரோமங்கர்.

அப்படிப்பட்ட ஊர்களில் பேர்போனது ஓல்ட் சாரம். ஒரு மொட்டை மேடு. குடியிருப்பு என்று ஒன்றும் இல்லாத அந்த மேட்டுக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடம். அதை 1691இல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். அந்தப் பெயரைக் கேட்டதும் கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்: 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் அவர்தான். திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து கிராமங்கள் 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது அவர் காலத்தில். ஐந்தில் நாலு நம் வடசென்னை என்பதைப் பார். அதே ஆள் 1702இல் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். பட்டை தீட்டி 1717இல் பிரான்சின் ராஜப் பிரதிநிதிக்கு விற்றார். இன்று அது பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்த மொட்டை மேட்டின் பெயரால்தான். பின்னால் பிரதமரே ஆனார். பரோமங்கர் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது தாமஸ் பிட் காலத்துக்குப் பிறகு. தொழில் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. 1832 சீர்திருத்தச் சட்டம் ஓல்ட் சாரத்தின் இரண்டு இடத்தையும் எடுத்துவிட்டது. ஊர் போனது, வியாபாரம் போனது, சொல்லும் போனது. ஓட்டுக்கு விலை பேசுகிறவர்களுக்கு மட்டும் வேறு பெயர்கள் கிடைத்துவிட்டன.

அடுத்தது காஸ்டர்மங்கர். காஸ்டர்ட் என்று ஒரு பெரிய ஆப்பிள் வகை இருந்தது, அதை விற்றவர். பிறகு தள்ளுவண்டியில் பழம், காய், மீன் எது விற்றாலும் காஸ்டர்மங்கர்தான். விக்டோரியா ராணி காலத்தில் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகைக்காரர் லண்டன் தெருவோர ஜனங்களைப் பற்றித் தேடித்தேடி எழுதினார். ஆண், பெண், பிள்ளைகள் சேர்த்து 30,000 காஸ்டர்மங்கர்கள் இருப்பார்கள் என்று கணக்குச் சொன்னார். 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றுவதற்கு முன்னால் கொத்தவால் சாவடி எப்படி இருந்தது என்று உன் தாத்தாவைக் கேள். அந்த நெரிசலை லண்டன் மூடுபனியில் வைத்துப் பார்த்தால் அதுதான் காட்சி.

இவர்களிடம் ஒரு ரகசிய பாஷை இருந்தது. வார்த்தையைப் பின்பக்கமாகத் திருப்பிச் சொல்வார்கள். பென்னி அவர்கள் வாயில் யெனெப். போலீஸ் என்பதைத் திருப்பி எஸ்லாப் என்றார்கள், அது தேய்ந்து ஸ்லாப் ஆயிற்று. பாய் என்பதைத் திருப்பி யாப் என்றார்கள். இன்றைய ஆங்கிலத்தில் முரட்டுப் பையனுக்கு அந்த யாப் தங்கிவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் துணியைக் காரை என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். டிராஃபிக் போலீஸ் தலை தெரிந்ததும் நம் பசங்கள் "மாமா நிக்கிறாரு" என்பதும் அதே கணக்குதான். லண்டன்காரன் எழுத்தைத் திருப்பினான், நாம் உறவு கொண்டாடிவிட்டோம்.

தமிழில் இந்த மங்கருக்கு நேர் எது என்று கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று வாணிகன். மணிமேகலை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்கிறோம். கூலம் என்றால் தானியம். அப்படியே கார்ன்மங்கர். சங்கப் புலவர் இளவேட்டனார் அறுவை வாணிகன், அதாவது துணி வியாபாரி. மதுரைப் பக்கம் அழகர்மலைக் குகையில் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய பெயர்களில் உப்பு வணிகன் இருக்கிறான், கொழு வணிகனும் இருக்கிறான். கொழு என்பது கலப்பையின் இரும்பு. ஆக நம் முதல் அயன்மங்கர், லண்டன் சங்கத்துக்குப் பட்டயம் கிடைப்பதற்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கும் முன்னாலேயே பாறையில் பெயர் வெட்டி வைத்துவிட்டார். இவர்கள் தங்கள் சரக்கைப் பெயருக்கு முன்னாலேயே பெருமையாக வைத்துக்கொண்டவர்கள். விலாசம் எழுத வெட்கப்படவில்லை.

இன்னொன்று காரர். இதுதான் மங்கருக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் நல்லதோடும் ஒட்டும், கெட்டதோடும் ஒட்டும். மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது; ஆங்கிலத்தில் கோரல் மெர்ச்சண்ட் தெரு என்று போட்டார்கள். பால்காரர், பேப்பர்காரர், பழைய இரும்புக்காரர் எல்லாரும் ஒரு பக்கம். கோள்காரன், புரளிக்காரன், மோசடிக்காரன் இன்னொரு பக்கம். கடன்காரன் என்பதை எடுத்துக்கொள், கொடுத்தவனும் கடன்காரன், வாங்கினவனும் கடன்காரன். ஹோர்மங்கர் விஷயத்தில் பார்த்த அதே குழப்பம். வால் ஒன்றுதான், முன்னால் எதைக் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. தெருவில் மீன்காரம்மா என்று கூப்பிட்டால் உன் அம்மா கூடையை இறக்குவார். சண்டைக்காரி என்று கூப்பிட்டுப் பார்க்கச் சொல் உன் நண்பனை. அரிவாள்மனையோடுதான் திரும்புவார்.

எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடக்கூடாது என்பதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன். எம், ஓ, என், ஜி என்ற நாலு எழுத்து வேறு சொற்களிலும் வரும். அமங் என்பது கூட்டத்துக்குள், நடுவில் என்ற பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது. கலப்பு என்ற பொருள் அதற்கு அடியில் இருக்கிறது. கலப்பின நாய்க்குச் சொல்லும் மங்ரலும் அந்த வீட்டுப் பிள்ளைதான். இரண்டுக்கும் நம் வியாபாரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மங்கூஸ் இன்னும் சுவாரஸ்யம். கீரிப்பிள்ளையைச் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல் மராத்தியிலிருந்து போனது. தெலுங்கில் முங்கிச என்பார்கள். தொல்காப்பிய மரபியலில் குட்டி என்று எவற்றின் பிள்ளையைச் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் வரும்: மூங்கா, வெருகு, எலி, அணில். அந்த மூங்காவுக்குக் கீரி என்று உரை சொல்வார்கள். அதனால் மங்கூசைப் பார்த்தால் மங்கரின் தம்பி என்று நினைக்காதே, அவர் நம் பக்கத்து ஆள். பன்மையில் மங்கூஸஸ்தான், கூஸ், கீஸ் என்று வாத்துக்கு வருவதைப் போல் மங்கீஸ் என்று எழுதி மார்க்கை விட்டுவிடாதே.

கடைசியாக அந்த லத்தீன் மாங்கோ. மாம்பழத்தைச் சொல்லும் ஆங்கில மேங்கோவுக்கும் அதற்கும் துளிச் சம்பந்தமும் கிடையாது. பழத்தின் பெயர் நம் மாங்காய், மலையாளத்து மாங்ஙா, போர்ச்சுகீசியரின் மாங்கா என்று கப்பலேறிப் போனது. பழமாகப் போகவில்லை, அழுகிவிடுமே, ஊறுகாயாகப் போயிற்று. அதனால் இங்கிலாந்துச் சமையலறையில் கொஞ்ச காலம் மேங்கோ என்றாலே ஊறுகாய் என்று ஆகிவிட்டது. முலாம்பழத்துக்குள் மசாலா அடைத்து ஊறப்போட்டால் அதுவும் மேங்கோ. அமெரிக்காவில் குடமிளகாயை அடைத்து ஊறவைத்தாலும் மேங்கோ. நம் ஆவக்காய் ஜாடியின் பெருமை எங்கெல்லாம் போயிருக்கிறது பார்.

இப்போது உன் விண்ணப்பம். ஃபிஷ்மங்கர் தப்பில்லை, திட்டும் இல்லை. ஆனாலும் நான் அதை எழுதச் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கிலீஷ்காரன் மனதில் வருவது, வெள்ளை ஏப்ரன் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரர். உன் அம்மா விடியற்காலை துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஐஸ் தட்டிப்போட்டு, கூடையோடு வந்து தெருமுனையில் உட்கார்ந்து கூறு போட்டு விற்கிறவர். விண்ணப்பத்தைப் பார்க்கிற குமாஸ்தாவுக்கு அகராதி புரட்ட நேரம் இருக்காது. ஃபிஷர்வுமன் என்றும் எழுதாதே, அது மீன் பிடிக்கிறவர். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் இருக்கும் சொல் வெண்டர். 'ஃபிஷ் வெண்டர்' என்று எழுது. சட்டத்தில் இருக்கிற வார்த்தை என்பதால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

அடித்துத் திருத்த வேண்டாம், புதுத் தாள் வாங்கிக்கொள். நீ காட்டிய தாளில் அந்த வரிக்குப் பதினைந்து கட்டம் இருந்தது. ஃபிஷ்மங்கருக்குப் பத்து, ஃபிஷ் வெண்டருக்கு நடுவில் விடும் கட்டத்தோடு பதினொன்று, தாராளமாக அடங்கும். நிரப்பி எடுத்துக்கொண்டு வா, எழுத்தை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், இந்த முறை முகத்தையும் பார்த்து. அப்புறம், அம்மாவிடம் சொல், நேற்றைய வஞ்சிரம் நன்றாக இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல்தான் வாங்கினேன்.